பழகிவிட்டால் நியாயமாகிவிடுமா?

வேலைக்காக ஜெர்மனியிலிருந்து மும்பைக்கு வந்த ஒருவருக்கு லோக்கல் ரயிலில் போகக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலை ஒன்பது மணி, தாதர் நிலையம். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். நடைமேடை எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த வாசலுக்கு நகர்ந்துவிடுங்கள். மாலையில் போரிவலி போக, அதைத் தாண்டிச் செல்லும் விரார் வண்டியில் ஏறாதீர்கள், உள்ளே இருப்பவர்கள் இறங்க விடமாட்டார்கள்.

அவர் மூன்று வண்டிகளைப் போகவிட்டார். நான்காவது வண்டியின் வாசலில் ஓர் இளைஞன், நான்கு விரல்களால் கம்பியைப் பற்றி, ஒற்றைக் கால் நுனியை உள்ளே ஊன்றித் தொங்கிக்கொண்டு போனான். “அவர் விழுந்தால்?” என்றார் வந்தவர். “தினமும் இப்படித்தான். உங்களுக்கும் பழகிவிடும்” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் கேட்டது ஓர் உயிரைப் பற்றி. நான் சொன்னது என் மரத்துப்போன மனதைப் பற்றி.

விழுந்தால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். 2023இல் மட்டும் மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் 2,500 பேருக்கு மேல் இறந்தார்கள். தண்டவாளத்தைக் கடந்தவர்கள் பலர். ஓடும் வண்டியிலிருந்து விழுந்தவர்கள் நூற்றுக்கணக்கானோர். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா நிலையத்துக்கு அருகே பாதை வளையும் இடத்தில், எதிரெதிராகச் சென்ற வண்டிகளின் வாசல்களில் தொங்கியவர்கள் தவறி விழுந்து மாண்டார்கள். செய்தி வந்த அன்று ‘விதி’ என்கிறோம். மறுநாள் வண்டி நிரம்பினால் ‘மும்பையின் மனவலிமை’ என்கிறோம். வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் போகும் மனிதனின் கையறு நிலைக்கு வீரம் என்று பெயர் வைக்க நமக்கு என்ன உரிமை?

இது விதியும் அல்ல. ரயில்வேயின் கணக்கில் இந்த நெரிசலுக்கு ஒரு பெயரே இருக்கிறது: ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு’. ஒரு சதுர மீட்டருக்குள் 14 முதல் 16 பேர். நான்கு பேர் சம்மணமிட்டு உட்கார முடியாத இடம் அது. அளந்து, பெயர் வைத்து, ஏட்டில் எழுதப்பட்ட ஒன்று தலையெழுத்தாக எப்படி இருக்க முடியும்? மனிதர் எடுத்த முடிவுகளாலும் எடுக்காமல் விட்ட முடிவுகளாலும் வந்தது இது. 1925இல் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடிய நகரம் இது. தானாக மூடும் கதவுள்ள ஏசி லோக்கலும் 2017 முதல் ஓடுகிறது. ஆனால் பெரும்பாலான வண்டிகளின் வாசல் இன்றும் திறந்தே கிடக்கிறது.

தசரா வந்தால் தினப் பயணிகள் தங்கள் பெட்டியைச் சாமந்திச் சரங்களால் அலங்கரித்துப் பூசை செய்வார்கள். அந்தத் தோழமை உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கம்பிக்கு மாலை கட்டும் அத்தனை கைகளும் கதவு கேட்டு ஒரு மனுவில் கையெழுத்திடலாமே? கூடிப் பூ வாங்கத் தெரிந்தவர்களுக்குக் கூடிக் கேள்வி கேட்கத் தெரியாதா?

நமக்குள்ளும் ஒரு கேள்வி உண்டு. நடைமேடையில் நிற்கும்வரை “உள்ளே தள்ளிப் போங்க” என்று கத்துகிறவர், ஏறிய பிறகு அடுத்த நிலையத்தில் “இடமில்லை” என்று வாசலை அடைக்கிறார். இரண்டு நிமிடத்தில் நியாயம் மாறிவிடுமா? மாறியது அவர் நிற்கும் இடம் மட்டுமே. நானும் அப்படி அடைத்து நின்றிருக்கிறேன்.

வழியே இல்லை என்பதும் பொய். 2023 நவம்பரில் மத்திய ரயில்வே தன் மும்பை அலுவலக ஊழியர்களை இரு வேறு வேலை நேரங்களுக்குப் பிரித்தது. மற்ற நிறுவனங்களும் அப்படிச் செய்தால் ஒன்பது மணி வண்டியின் பாரம் குறையும். அதைச் செய்யக்கூடிய நிர்வாகிகளில் எத்தனை பேர் அந்த வண்டியில் ஏறுகிறார்கள்?

புதிதாக வந்தவர் பழகிக்கொள்ள வேண்டும் என்று இனி நான் விரும்ப மாட்டேன். அவருடைய பதற்றம்தான் சரியான அளவுகோல். என்னிடம் ஒரு காலத்தில் இருந்து, தேய்ந்துபோனது அது. “அவர் விழுந்தால்?” என்று அவர் மறுபடி கேட்டால், பழகிவிடும் என்று சொல்ல மாட்டேன். “விழக் கூடாது” என்பேன். அதற்கு மேல் அவர் கேட்கப்போகும் ஒவ்வொரு ‘ஏன்’ என்ற கேள்வியையும் அவரோடு சேர்ந்து கேட்பேன்.