அறிந்து கொடுப்பதே கொடை

ஒரு நோய்க்கு எது சிறந்த சிகிச்சை என்பது மருத்துவருக்கே உறுதியாகத் தெரியாதபோது, அதைத் தெரிந்துகொள்வதற்காகத் தம்மை நம்பி வந்த நோயாளியை அவர் ஆய்வுக்கு உட்படுத்தலாமா? ஒரு சாராருக்கு மருந்து, மறுசாராருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பதைத் தீர்மானிப்பது குலுக்கல். கருணையை அடிப்படையாகக் கொண்ட தொழிலில் இத்தகைய செயலுக்கு இடமுண்டா?

ஆய்வே வேண்டாம் என்று சொல்லிவிடுவது எளிது. அதற்கு நாம் தரும் விலை என்ன என்பதை இதய மருத்துவத்தின் வரலாறு காட்டுகிறது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவரின் இதயத்துடிப்பு அடிக்கடி ஒழுங்கு தவறுவது மரணத்தின் முன்னறிகுறி என்று கண்டறியப்பட்டிருந்தது. ஆகவே, துடிப்பைச் சீராக்கும் மருந்து உயிரையும் காக்கும் என்று 1980-களில் பல மருத்துவர்கள் நம்பினர். தர்க்கம் குறையற்றதாகவே தோன்றியது. ‘காஸ்ட்’ என்ற ஆய்வில் அதைச் சோதித்தபோது, என்கைனைடு அல்லது ஃப்ளெகைனைடு மருந்தை உட்கொண்ட 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெற்று மாத்திரை உட்கொண்ட 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989-ஆம் ஆண்டு அம்மருந்துகள் ஆய்விலிருந்து நிறுத்தப்பட்டன. சோதிக்காமல் இருந்திருந்தால், நல்லெண்ணத்துடனேயே அம்மருந்துகள் மேலும் பலருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். நல்லெண்ணம் மட்டும் அறமாகிவிடாது. உண்மையைத் தேடும் உழைப்பும் அதற்கு வேண்டும்.

எனினும் அந்த 63 பேரும் மனிதர்களே. மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தக்கூடாது என்று ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். இங்கே ‘மட்டும்’ என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். பிறருக்குப் பயன்படுவதால் ஒருவன் கருவியாகிவிடுவதில்லை. ஆய்வின் நோக்கத்தை அறிந்து, அதைத் தன் நோக்கமாகவும் ஏற்றுக்கொள்பவன் கொடையாளி ஆகிறான். அறியாமல் ஈடுபடுத்தப்படுபவனிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படுவது கொடையன்று.

இதயமும் மனமும் ஒருசேர நோயுறும்போது இந்த வேறுபாடு கடினமான சோதனைக்கு உள்ளாகிறது. மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வு மரண அபாயத்தை அதிகரிக்கிறது என்பதை மாண்ட்ரியல் நகரில் 222 நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று 1993-இல் எடுத்துக்காட்டியது. மனச்சோர்வைத் தணித்தால் ஆயுள் நீளுமா? 2,481 நோயாளிகள் பங்கேற்று 2003-இல் வெளியான ‘என்ரிச்ட்’ ஆய்வில் உளச்சிகிச்சையால் சோர்வு ஓரளவு தணிந்தது. ஆனால் இறப்போ மறு மாரடைப்போ குறையவில்லை. எனவே இத்துறையில் ஆய்வு தொடர்ந்தாக வேண்டும்.

ஆனால் சம்மதம் தருபவரின் நிலை என்ன? மாரடைப்பு வந்தவர் அச்சத்தில் இருக்கிறார். தமக்குச் செய்யப்படுவதெல்லாம் தம்மைக் குணப்படுத்தவே என்று எண்ணிக் கையெழுத்திடுகிறார். மனச்சோர்வுற்றவரின் நிலை இன்னும் நுட்பமானது. சொன்னதையெல்லாம் அவர் புரிந்துகொள்ளலாம், திருப்பியும் சொல்லலாம். ஆனால் ‘எனக்கு எது நேர்ந்தால் என்ன?’ என்ற எண்ணத்தில் அவர் தலையசைத்தால் அது தியாகமாகுமா? விலைமதிப்பற்றது என்று உணர்ந்த ஒன்றை உயர்ந்த நோக்கத்திற்காக அளிப்பதே தியாகம். தன் உயிரின் மதிப்பையே உணர முடியாமல் அதை நழுவ விடுவது நோயின் அறிகுறி. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அப்படியானால் மனநோயாளிகளை ஆய்விலிருந்து விலக்கிவிடலாமா? அதுவும் அநீதியே. அவர்களுக்கான சிகிச்சை ஊகமாகவே நின்றுவிடும். கோவாவில் எளிய பயிற்சி பெற்ற ஆலோசகர்களைக் கொண்டு மனச்சோர்வுக்கும் மனப்பதற்றத்திற்கும் உதவிய ‘மானஸ்’ ஆய்வு 2010-இல் வெளியானது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அதன் பயன் தெளிவாகத் தெரிந்தது. நோயாளிகள் பங்கேற்காமல் இதை அறிந்திருக்க இயலாது. நமது நாட்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 நடுவழியொன்றைக் காட்டுகிறது: ஆய்வுக்கு நோயாளியின் சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல் தேவை, அதை அளிக்க இயலாத நிலையில், அவர் எதிர்ப்புத் தெரிவிக்காவிடினும், மாநில மனநல ஆணையத்தின் அனுமதி தேவை.

சட்டம் வாயிலைக் காக்கும். உள்ளே நடப்பதைக் காப்பது மருத்துவரின் மனசாட்சியே. சிற்றூர் மருத்துவமனைக்கு வரும் ஏழை, “நீங்கள் பார்த்துச் செய்யுங்கள், ஐயா” என்கிறார். அது நம்பிக்கை, ஒப்புதல் அன்று. அவ்வளவு நம்பிக்கை வைத்தவரிடம் மருத்துவரின் கடமை கூடுகிறது. இது சிகிச்சை மட்டுமன்று, ஆய்வும்கூட என்பதை அவர் விளக்க வேண்டும். யோசிக்க அவகாசம் தர வேண்டும். சோர்வு தணிந்தபின் மறுபடியும் கேட்க வேண்டும். ‘எது சிறந்ததென்று எனக்கே இன்னும் தெரியாது’ என்று சொல்லும் பணிவும் வேண்டும். அது மருத்துவரின் மதிப்பைக் குறைக்காது. நோயாளியை உண்மைத் தேடலில் துணைவராக உயர்த்தும்.

ஓர் ஆய்வு அறத்தின்வழி நிற்கிறதா என்பதைச் சம்மதித்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அறிய முடியாது. மறுத்த நோயாளியின் படுக்கையருகே மறுநாள் காலை மருத்துவர் அதே புன்னகையுடனும் அதே அக்கறையுடனும் வந்து நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும். அங்கே அன்பு குறையவில்லையானால், அடுத்த படுக்கையில் இருப்பவர் அளித்த சம்மதமும் உண்மையான கொடையே.