எதிர்பார்ப்பைத் துறத்தல்: வடதிருநெல்வேலியில் ராக்லண்ட்

கிறிஸ்தவ விசுவாசத்தில் எதிர்பார்ப்பைக் கைவிடுதல் என்று சொல்லப்படுவது ஆசையை அழிப்பதும் அன்று, நம்பிக்கையைக் குறைத்துக்கொள்வதும் அன்று. வேண்டியதைக் கடவுளிடம் மனம்விட்டுக் கேட்டபின், அது எந்த வடிவில், எந்தக் காலத்தில், யார் கண்முன் நிறைவேற வேண்டும் என்று வரையறுக்கும் உரிமையை அவரிடமே விட்டுவிடுவதாகும். கெத்செமனே தோட்டத்தில் இயேசு செய்த ஜெபம் இதற்கு மூலமாதிரி. அங்கே அவர் முதலில் துன்பத்தின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்ற விருப்பத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். அதன்பின்னரே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுக்கிறார். இந்த வரிசை தற்செயலானதன்று. விரும்பாத ஒருவருக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கிறிஸ்து தமக்குரிய மேன்மையைப் பற்றிக்கொள்ளாமல் தம்மை வெறுமையாக்கிய செய்தியைப் பவுல் கூறுகிறார். இறையியலார் 'கெனோசிஸ்' என்ற கிரேக்கச் சொல்லால் குறிப்பிடும் இந்தத் தன்வெறுமையாக்கம் கிறிஸ்துவுக்கு மட்டும் உரிய செயலாக நில்லாமல், அவரைப் பின்பற்றுவோர் ஏற்கவேண்டிய மனநிலையாகவும் அங்கே முன்வைக்கப்படுகிறது.

கருத்தளவில் இதை மறுக்கும் சபை எதுவும் இல்லை. எனினும் தமிழ்க் கிறிஸ்தவரின் அன்றாட பக்தி வேறொரு பழக்கத்திலும் ஊறியிருக்கிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் பெற்று, அதை அந்த ஆண்டில் நடக்கப்போகும் திருமணத்துக்கோ வேலைக்கோ பிள்ளைப்பேற்றுக்கோ முன்னறிவிப்பாகக் கொள்வதும், ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்துப் பொருத்தனை செய்துகொள்வதும், காரியம் கைகூடியபின் சபை நடுவில் எழுந்து சாட்சி சொல்வதும் பலருடைய விசுவாச வாழ்வின் ஒழுங்காகவே அமைந்துவிட்டன. இவற்றில் குற்றமில்லை, தேவையுள்ளவர் கேட்பதும், பெற்றவர் நன்றி சொல்வதும் வேதம் அனுமதிப்பவையே. ஆனால் கேட்டதைப் பெற்றவர் மட்டுமே பேச எழும் சபையில், கேட்டுக் கிடைக்காதவர் தம் விசுவாசத்தில்தான் குறை என்று எண்ணி மௌனமாகிவிடுகிறார். அந்த மௌனத்தைப் பற்றி இறையியல் பேசியாக வேண்டும்.

இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதியாக இருந்தபோது, கேட்டது கிடைக்காதபோது விசுவாசம் என்னவாகிறது என்ற கேள்வி ஒரு மனிதரின் வாழ்க்கையில் மிகக் கூர்மையாக எழுந்தது. தாமஸ் கஜேட்டன் ராக்லண்ட் 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். 1841இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராக விளங்கியவர். 1845இல் சி.எம்.எஸ். எனப்படும் திருச்சபை மிஷனெரிச் சங்கத்தின் பணிக்கு இந்தியாவுக்குப் புறப்பட்ட அவர், சென்னையில் அச்சங்கத்தின் செயலராகக் கணக்கும் கடிதமுமாகச் சில ஆண்டுகள் உழைத்தபின், இடையில் இங்கிலாந்து சென்றிருந்தபோது டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் கேம்பிரிட்ஜ் இளைஞர் இருவரைத் துணை சேர்த்துக்கொண்டு 1854இல் வடதிருநெல்வேலிச் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். ஓர் ஊரில் நிலையம் கட்டி, பள்ளி வைத்து, ஆலயம் எழுப்பி அங்கேயே தங்கும் வழக்கத்துக்கு மாறாக, கூடாரத்தில் தங்கி, காலையும் மாலையும் சுற்றுவட்டக் கிராமங்களுக்குச் சென்று பேசி, சில நாளில் கூடாரத்தைப் பிரித்து அடுத்த இடத்துக்கு நகர்ந்து, பிறகொரு சுற்றில் அதே கிராமங்களுக்கு மீண்டும் வருவதே இதன் முறை.

அவர் எதிர்பார்ப்போடு வந்ததற்குக் காரணம் இருந்தது. தாமிரபரணிக்குத் தெற்கே, பனைமரங்கள் நிறைந்த செம்மணல் தேரிப் பகுதியில், 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு எழுந்ததிலிருந்தே ஊர் ஊராக மக்கள் திருச்சபையில் சேர்ந்துவந்தனர். பாளையங்கோட்டையில் 1820 முதல் பணியாற்றிய ரேனியஸின் காலத்தில் அந்த அலை மேலும் ஓங்கியது. அதே மாவட்டம், பெரும்பாலும் அதே மொழி, அதே நற்செய்தி என்னும்போது வடக்கும் அவ்வாறே இசையும் என்று எண்ணுவது இயல்பு. வடக்கு அவ்வாறு இசையவில்லை. கரிசல் மண்ணில் மழையை நம்பி மானாவாரியாகப் பருத்தியும் கம்பும் சோளமும் விளைத்த அந்தக் கிராமங்களில் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோருமாகப் பல சமூகங்கள் கலந்து வாழ்ந்தன. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் ராஜுக்களின் குடியிருப்பு வலுவாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வைணவத்தின் திருப்பதிகளுள் ஒன்று. தெற்கே ஒரு சமூகம் பெரும்பான்மையாக இசைந்தது போன்ற சூழல் இங்கே அமையவில்லை. நுரையீரல் நோயோடு கூடாரத்திலிருந்து கூடாரத்துக்கு அலைந்த ராக்லண்ட், பெருந்திரள் எதையும் காணாமலே, 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் நுரையீரலின் இரத்தக்குழாய் வெடித்து இறந்தார். ஊழியம் தொடங்கி ஐந்து ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை.

ராக்லண்டின் பெயரை நிலைக்கச் செய்தது அவர் எழுதிய ஒரு கருத்து. யோவான் 12:24இல் இயேசு சொல்லும், நிலத்தில் விழுந்து செத்தால் மட்டுமே பலன்தரும் கோதுமை மணியின் உவமையை எடுத்துக்கொண்டு, வெற்றிக்கான வழிகள் அனைத்திலும் அதுவே உறுதியானது என்று அவர் கூறினார். ஆழமான கருத்துதான், ஆயினும் அதற்குள் ஓர் இடர் இருக்கிறது. சாவும் வெற்றிக்கான வழிகளுள் ஒன்றாக எண்ணப்படுமானால், எதிர்பார்ப்பு துறக்கப்படவில்லை, அறுவடையின் தேதிதான் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. விதை தன் விளைச்சலைக் கணக்கிட்டுக்கொண்டு மண்ணில் விழுவதில்லை. ராக்லண்ட் இதை உணர்ந்தே இருந்தார் என்று நம்ப இடமுண்டு. ஏனெனில் விளைவு கண்ணுக்குத் தென்படாத ஆண்டுகளிலும் அவர் முறையை மாற்றவில்லை, நிலையம் கட்டி எண்ணிக்கை காட்டும் எளிய வழிக்குத் திரும்பவும் இல்லை. பிழை பெரும்பாலும் பின்வந்தோருடையது. வட்டாரத்தில் பிற்காலத்தில் எழுந்த ஆலயங்களையும் பள்ளிகளையும் காட்டி, ராக்லண்டின் இழப்புக்கு ஈடு கிடைத்துவிட்டது என்று பேசும்போது, அவர் கைவிட்ட கணக்கை மற்றவர்கள் அவர் பெயரில் மீண்டும் எழுதிவிடுகிறார்கள். அந்த ஆலயங்கள் எழாமலே போயிருந்தாலும் 1858இல் அவர் செய்த ஒப்புக்கொடுத்தல் குறைந்திருக்காது.

இந்தச் சுற்றுப்பயணத்தில் இன்னும் குறைவாகப் பேசப்படுவோர் தென்பகுதிச் சபைகள் தம் காணிக்கையில் அனுப்பிவைத்த உபதேசியார்கள். சபைகளில் வேதம் போதிக்கும் தமிழ்ப் பணியாளரே உபதேசியார் எனப்பட்டனர்; அவர்கள் முறைவைத்து வடக்கே வந்து, ஒரு மாத அளவு கூடாரக் குழுவோடு ஊர் ஊராக நடந்து பேசிவிட்டு, தம் சபைக்குத் திரும்பிவிடுவர். பேசிய சொல் எங்கே வேர்பிடித்தது, எங்கே காய்ந்தது என்று பார்த்துச் செல்ல அந்த ஏற்பாட்டிலேயே இடமில்லை. ராக்லண்டுக்காவது 1861இல் வெளியான வாழ்க்கை வரலாறு உண்டு; உபதேசியார்களுள் பெரும்பாலோரின் பெயரைக்கூட இன்றைய வாசகர் அறியார். எதிர்பார்ப்பைத் துறத்தல் என்பதைக் குறையின்றி விளக்குவோர் அவர்களே என்று கூறத் தோன்றுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் சொந்த மரபும் இக்கேள்வியை அறிந்ததே. அவ்வூர் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் பறை வேண்டி வரும் ஆயர்சிறுமியர், 29ஆம் பாசுரத்தில் தாங்கள் வந்தது அந்தப் பறைக்காக அன்று என்று சொல்லி, கண்ணனுக்கே என்றும் ஆட்செய்வதைக் கேட்டு, மற்ற ஆசைகளை மாற்றுமாறு வேண்டுகின்றனர். கேட்க வந்த பொருள் கேட்கப்படும் ஆளின் முன் சிறுத்துப்போகும் இந்த இடமும், பலனைக் கருதாது கடமை செய்யச் சொல்லும் கீதையின் கர்மயோகமும், கெத்செமனேயும் ஒன்றே என்று அவசரப்பட்டுக் கூறிவிட இயலாது. ஆண்டாளிடம் ஓர் ஆசை பிற ஆசைகளை விழுங்கிவிடுகிறது. கெத்செமனேயிலோ நிறைவேறாத விருப்பத்தின் வலி சிலுவைவரை தொடர்கிறது. சிலுவையில் எழும் கைவிடப்பட்டவரின் கேள்வியை நற்செய்தி நூல் மறைக்காமல் பதிந்து வைத்திருப்பதால், கிறிஸ்தவத் துறப்பு மனஅமைதியின் மறுபெயர் அன்று என்பது விளங்கும்.

ராக்லண்டைப் பற்றிப் பிற்காலத்தில் நூல் எழுதிய மிஷனெரி ஏமி கார்மைக்கேல் இந்த வலியை நேரில் அறிந்தவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் டோனாவூரில் 1901 முதல் குழந்தைகளைக் காத்து வளர்த்த அவர், 1903இல் வெளிவந்த தம் நூலில் திருநெல்வேலி ஊழியத்தின் தோல்விகளை உள்ளபடி எழுதினார். அதன் கையெழுத்துப்படியை முதலில் பார்த்த இங்கிலாந்துக் குழுவினர் ஊக்கமூட்டும் செய்திகள் போதவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தனர். காணிக்கை அனுப்புவோரின் எதிர்பார்ப்பும் துறக்கப்பட வேண்டியதே என்பதை அந்த நூல் செயலிலேயே காட்டிவிட்டது. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காயமுற்ற அவர், சுகத்துக்காகப் பலர் ஜெபித்தும் பழைய நடமாட்டத்தை மீண்டும் பெறாமல், 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாழ்ந்தார். உடல்நலமுள்ளவர்கள் எழுதிய ஆறுதல் நூல்கள் நோயாளியை வந்தடைவதில்லை என்று கண்டு, நோயாளியே நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூலை அவர் 1933இல் வெளியிட்டார். அந்த அறையிலிருந்து மேலும் பல நூல்கள் வந்தன. அவை எழுதப்படுவதற்காகவே அவர் விழ நேர்ந்தது என்று விளக்கும் பிரசங்கங்கள் உண்டு. அவ்விளக்கம் ஆறுதலாக ஒலிக்கலாம். ஆயினும் ராக்லண்டின் கல்லறையில் அறுவடையை எண்ணியவர்கள் செய்ததையே அதுவும் செய்கிறது, ஏனெனில் இருபது ஆண்டு வலிக்கு ஈடான பொருள் ஒன்றைக் காட்டாமல் கடவுளை நம்ப அதற்கு இயலவில்லை.