தாயா, கடமையா?

2012 டிசம்பரில் நைஜீரியாவின் ஒக்வாஷி-உக்கு ஊரில், எண்பது வயதைக் கடந்த பேராசிரியர் கமேனே ஒகோன்ஜோவை ஒரு கும்பல் கடத்திச் சென்றது. அவர் மகளும் நிதியமைச்சருமான இங்கோசி ஒகோன்ஜோ-இவேலா தொலைக்காட்சியில் தோன்றிப் பதவி விலக வேண்டும் என்பது கோரிக்கை.

மகள் விலகவில்லை.

உலக வங்கியில் கால் நூற்றாண்டு பணியாற்றியவர் அவர். முதல்முறை அமைச்சராக இருந்தபோது, 2005இல் கடன் கொடுத்த நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப்பிடம் பேசி நாட்டின் கடனில் 1,800 கோடி டாலரைத் தள்ளுபடி செய்ய வைத்தார். இரண்டாம் முறை பெட்ரோல் மானியத்தில் பொய்க் கணக்கு காட்டியவர்களுக்குப் பணம் தர மறுத்தார். பகை அங்கேதான் முளைத்தது.

பெற்றவள் உயிரைப் பணயம் வைக்க மகளுக்கு உரிமை உண்டா? அல்ஜீரியாவில் பிறந்த எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1957இல் ஸ்டாக்ஹோமில், நீதியைவிடத் தாயே தனக்கு முக்கியம் என்ற பொருளில் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்கு நெடுநாள் முன்பே, 1793இல், ஆங்கிலச் சிந்தனையாளர் வில்லியம் காட்வின் நேர்மாறாக எழுதினார்: எரியும் வீட்டில் ஊருக்கு அதிகம் பயன்படுபவரையே காப்பாற்ற வேண்டும், மற்றவர் தன் தாயாகவே இருந்தாலும்.

இருவருமே கடத்தல்காரனைக் கணக்கில் சேர்க்கவில்லை. இங்கே பணிந்தால் அடுத்த அமைச்சரின் தாய்க்கும் ஆபத்து. ஆனால் இந்த வாதத்துக்குத் தாயிடம் யாரும் ஒப்புதல் வாங்கவில்லை என்பதும் உண்மை.

ஐந்து நாளில் கமேனே மீண்டார். அதனால் மகளின் முடிவு சரியாகிவிட்டது என்று சொல்வது எளிது. அவர் மீளாமல் போயிருந்தால் இதே முடிவைக் கல்நெஞ்சம் என்றிருப்போம்.