தச்சன் சிங் எதை மறந்தான்?

தாவோ நூல்கள் ‘நான் என்பதே இல்லை’ என்று சொல்வதாக நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். பௌத்தமும் அத்வைதமும் காதில் விழுந்து பழகியதால் வரும் அவசரம் இது. சீனத் தாவோ ஞானி சுவாங் ட்சுவின் பெயரால் வழங்கும் நூலிடம் அந்த அவசரம் கிடையாது. நூறு மூட்டும் ஒன்பது வாசலும் ஆறு உள்ளுறுப்பும் கொண்ட இந்த உடலுக்கு அரசன் யார் என்று அதன் இரண்டாம் அத்தியாயம் கேட்கிறது. எல்லாமே ஏவலாட்களா, இல்லை முறைவைத்து ஆள்கின்றனவா? உண்மையான ஆண்டான் ஒருவன் இருக்கலாம், அவனை நாம் கண்டுகொண்டாலும் கொள்ளாவிட்டாலும் அவன் உண்மையில் கூடுதல் குறைவு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்கிறது. ஆன்மா உண்டு என்பவருக்கும் இல்லை என்பவருக்கும் இது ஏமாற்றம்தான்.

நூலின் அக்கறை வேறிடத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் சிங் என்ற தச்சன் மணி தொங்கவிடும் மரச்சட்டம் செய்கிறான். வேலைக்கு முன் நோன்பிருக்கிறான். 3 நாளில் பரிசும் பதவியும் நினைவை விட்டுப் போகின்றன. 5 நாளில் புகழும் பழியும். 7 நாளில் தனக்குக் கைகால் உண்டென்பதே மறந்துபோகிறது. பிறகு காட்டுக்குள் போய் மரங்களைப் பார்க்கிறான். சட்டம் முழுதாக ஒரு மரத்தில் தெரிந்தால் கை வைக்கிறான், இல்லாவிட்டால் விட்டுவிடுகிறான். ஆக, எது தகும் எது தகாது என்று முடிவெடுக்கும் ஆள் அப்படியே இருக்கிறான். உள்ளே உட்கார்ந்து லாபநட்டம் எழுதிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளைதான் வெளியேறியிருக்கிறான். ‘நான்’ என்று நாம் பதறிக் காப்பாற்றுவது பெரும்பாலும் இவனைத்தான் என்பது என் எண்ணம்.

இந்த அத்தியாயம் பிற்காலச் சேர்க்கை, சுவாங் ட்சுவுக்கு இதை ஏற்றிச் சொல்லலாமா என்று கேட்கலாம். கிடைக்கும் 33 அத்தியாயங்களில் முதல் ஏழுதான் அவர் கருத்துக்கு நெருக்கமானவை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சரிதான். ஆனால் அந்த ஏழுக்குள்ளேயே, மூன்றாம் அத்தியாயத்தில், மாட்டை வெட்டும் சமையல்காரன் டிங் வருகிறான். 19 ஆண்டு தேயாத அவன் கத்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். சிக்கலான மூட்டு வந்ததும் அவன் எச்சரிக்கையாகி, பார்வையை நிறுத்தி, கையை மெதுவாக்குவதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தன்னைத் தொலைத்தவனுக்கு அந்தக் கவனம் எங்கிருந்து வரும்?

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தன்னை மறந்து வேலை செய்யும் குடிமக்கள் அரசனுக்கு வசதி அல்லவா? டிங்கின் வித்தையைப் பார்த்து மகிழ்பவனும் ஓர் ஆட்சியாளன்தானே? சிங்கின் கதையே பதில் தருகிறது. நோன்பின் முடிவில் அவன் மனதில் அரசவையும் இல்லாமல் போகிறது. பரிசுக்கும் பழிக்கும் அசையாத, பொருந்தாத மரத்தைத் தொட மறுக்கிற ஒருவனை வைத்து எந்த அரசனும் அவசர வேலை வாங்கிவிட முடியாது.