பிறர் குரலில் திருப்பாடுகள்

நிகோஸ் கசன்ட்சாகிஸ் எழுதிய 'கிறிஸ்துவின் இறுதிச் சோதனை' என்னும் புதினத்தைத் திருச்சபை 1954-இல் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. மார்ட்டின் ஸ்கோர்செசி 1988-இல் அதைத் திரைப்படமாக்கியபோது, அறநெறிக்கு ஒவ்வாத படம் என்று அமெரிக்க ஆயர்களின் திரைப்பட மதிப்பீட்டு அலுவலகம் அறிவித்தது. சிலுவையில் தொங்கும் இயேசு, இல்லறம் நடத்தி முதுமையடைவதாகக் கனவு கண்டு மீளும் கதை நம்பிக்கையாளரைப் புண்படுத்தியதில் வியப்பில்லை. (அதற்காகப் பாரிசில் திரையரங்கொன்றுக்குத் தீ வைத்தவர்கள் இயேசுவுக்கு எந்த மேன்மையும் சேர்த்துவிடவில்லை.)

அப்படத்துக்கு இசையமைத்தவர் பீட்டர் கேபிரியேல் என்னும் ஆங்கிலேய ராக் இசைக் கலைஞர். படம் வெளிவந்த பின்னும் அவர் அந்த இசையை விடவில்லை. மேலும் செப்பனிட்டு 1989-இல் 'பேஷன்' என்று தனித் தொகுப்பாக வெளியிட்டார். நம் வழக்கில் சொன்னால் 'திருப்பாடுகள்'. ஆர்மீனிய நாட்டு டுடுக் குழல் அதில் விம்முகிறது. சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கரின் வயலினும் உண்டு. தலைப்பு இசையில் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானும், செனகல் நாட்டு யூசு என்டூரும் பாடினர். இருவரும் இசுலாமியர்.

படத்தை ஏற்க மறுக்கும் கத்தோலிக்கர் இவ்விசையைத் தவக்காலத்தில் கேட்கலாமா?

இசைக்குச் சமயமில்லை என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் அது உண்மையன்று. கவ்வாலி, சூஃபி பக்தியில் பிறந்த கலை. மேலும், இவ்விசை அந்தப் படத்துக்கென்றே உருவானது. ஆகவே மறுப்போரை அறியாதவர் என ஒதுக்கிவிட முடியாது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இயேசு யார் என்பதைப் பற்றிப் புதினமும் படமும் ஒரு கூற்றை முன்வைக்கின்றன. அதைச் சரி அல்லது தவறு என்று எடைபோடலாம். வதைபடுவோர்க்காக எழும் அழுகையில் அத்தகைய கூற்று ஏதுமில்லை.

இயேசு சிலுவையில் இறந்தார் என்பதை இசுலாமியர் பொதுவாக ஏற்பதில்லை. அந்த மரபில் வந்த குரலே நம் ஆண்டவரின் பாடுகளுக்காக உருகுகிறது. சீரேன் ஊர் சீமோனும் வயலிலிருந்து வந்துகொண்டிருந்த வழிப்போக்கர், ஆப்பிரிக்க மண்ணைச் சேர்ந்தவர். சிலுவையைத் தோளில் ஏற்றிய வேளையில் அவர் எதை நம்பினார் என்று நற்செய்தி கூறவில்லை. அதனால் சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையை நாம் விட்டுவிடுவதில்லையே.

படத்தைப் பார்த்த ஒருவருக்கு இசையோடு அதன் காட்சிகளும் மனத்தில் எழுமானால், அவர் விலகி நிற்பதே நன்று. பாராதவர்க்கு அந்த இடர் இல்லை.