ஒற்றையடிப் பாதையில் சுதந்திரம்

விதி என்று ஒன்று உண்டாயின் மனிதனுடைய பிரயத்தனத்துக்குப் பொருள் என்ன என்பது, சமயவாதிகளும் தத்துவ ஞானிகளும் நெடுங்காலமாக விவாதித்து வந்த கேள்வி. அதை ஒரு வீடியோ விளையாட்டை முன்னிட்டு மறுபடியும் எழுப்புவது சிலருக்குத் தகாத செயலாகத் தோன்றக்கூடும். ஆயினும், ஒரு படைப்பு தன் காலத்தவரிடம் வாங்கிய வசைக்கும், அது எடுத்துக்கொண்ட தத்துவப் பிரச்சினைக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்குமானால், அந்த வசையை ஆராய்வதே அந்தப் பிரச்சினையினுள் நுழைவதற்கு நல்ல வாயில் என்று நான் கருதுகிறேன். ஜப்பானில் 2009 டிசம்பரில் ஸ்குவேர் எனிக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டஸி’ தொடரின் பதின்மூன்றாம் பாகம் அத்தகைய படைப்பு.

1987-இல் ஹிரோனொபு சகாகுச்சி தொடங்கிவைத்த இந்தத் தொடரில், பரந்த உலகில் மனம்போனபடி திரிவதும், ஊர்களில் புகுந்து எதிர்ப்படுவோரிடம் பேசுவதும், காலம் வரும்போது ஆகாயக் கப்பலில் ஏறி எத்திசையும் செல்வதும் ரசிகர்கள் உரிமையாகவே எதிர்பார்த்த இன்பங்கள். 2006-இல் வந்த பன்னிரண்டாம் பாகம் அந்த உரிமையை மேலும் விரிவாக்கியிருந்தது. மோட்டோமு டோரியாமாவின் இயக்கத்தில் உருவான பதின்மூன்றாம் பாகமோ, அவை யாவற்றையும் பறித்துக்கொண்டு, இருபுறமும் அடைபட்ட நீண்ட ஒற்றையடிப் பாதை ஒன்றில் ஆடுபவரை நிறுத்தி, ‘நட’ என்று மட்டும் சொல்லிற்று. மொத்தமுள்ள பதின்மூன்று அத்தியாயங்களில் முதற் பத்தும் ஏறக்குறைய இவ்விதமே கழிகின்றன. திரும்பிச் செல்ல இடமில்லை. தங்க ஊர் இல்லை. யாரை உடன் அழைத்துப் போவது என்ற தேர்வும் நெடுநேரம் இல்லை. ஆற்றலை வளர்த்துக்கொள்வதற்குங்கூட அத்தியாயத்துக்கு அத்தியாயம் வரம்பு கட்டப்பட்டிருக்கிறது. ‘இது விளையாட்டு அன்று, வெறும் நடைபாதை’ என்ற ஏச்சு அன்று எழுந்தது, இன்றும் ஓயவில்லை. காட்சியின் அழகையும் மசாஷி ஹமாவுஸுவின் இசையையும் புகழ்ந்தவர்களே இந்தக் குற்றத்தை மன்னிக்க மறுத்தார்கள்.

அவர்கள் சொல்லும் உண்மையை நான் மறுக்கவில்லை. பாதை ஒற்றையடிப் பாதைதான். ஆனால் அப்பாதையில் நடப்பவர்கள் யார், எதற்காக நடக்கிறார்கள் என்பதைக் கருத்தில் கொள்ளாமல் பாதையின் அகலத்தை மட்டும் அளப்பது நியாயமான விமரிசனம் ஆகாது.

கதை நிகழும் இடம் கக்கூன் என்னும் உலகம். கிரான் பல்ஸ் என்னும் பெருநிலத்துக்கு மேலே ஆகாயத்தில் மிதப்பது. தெய்வத்தன்மையும் இயந்திரத்தன்மையும் கலந்த ஃபல்சி என்னும் சக்திகள் அங்கே மக்களுக்கு ஒளியையும் உணவையும் அளித்துப் பரிபாலிக்கின்றன. அத்தகைய சக்தி ஒன்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அவனுடைய உடலில் ஒரு முத்திரை விழுகிறது. அது முதல் அவன் லெசி என்று அழைக்கப்பட்டு, ஓர் ஏவலுக்கு அடிமையாகிறான். அந்த ஏவலும் தெளிந்த சொற்களில் வருவதில்லை. மங்கலான ஒரு சொப்பனக் காட்சியாகவே வருகிறது. அதன் பொருளைத் தானே ஊகித்து நிறைவேற்றினால் அவன் பளிங்குச் சிலையாகி உறங்கலாம். தவறினால் அறிவிழந்து உருக்குலைந்து சீத் என்னும் பூதமாக அலையவேண்டும். ஆகவே கீழ்ப்படிந்தாலும் மறுத்தாலும் மனித வாழ்வு முடிந்தது. லைட்னிங், ஸ்நோ, ஸாஸ், ஹோப், வானில், ஃபாங் என்னும் அறுவரும் இவ்வாறு முத்திரை இடப்பட்டவர்கள். கக்கூன் உலகமே அவர்களைப் பகைவர்களாக எண்ணித் துரத்துகிறது. அத்தகையோர் ஊர் ஊராகத் திரிந்து கடைகளில் பேரம் பேசிக்கொண்டிருந்தால், ‘எங்களுக்கு வேறு வழி இல்லை’ என்று அவர்கள் சொல்லும் சொல்லை யார் நம்புவார்? வேறு வழி இல்லாமையை வசனத்தால் தெரிவிப்பது எளிது. அதை ஆடுபவருடைய கைவிரல்களில் உணர்த்துவது அரிது. அந்த அரிய காரியத்தைச் செய்ததற்காகவே இந்தப் பாகம் பழிக்கப்பட்டது.

விதிவாதத்தின் மீது சொல்லப்படும் மிகப் பழைய ஆட்சேபம் ஒன்று உண்டு. நோய் தீரும் என்று விதித்திருந்தால் வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் தீரும். தீராது என்றிருந்தால் அழைத்தும் பயனில்லை. ஆதலின் வைத்தியரை அழைப்பது வீண் என்பது அந்த வாதம். கிரேக்க நாட்டில் இதற்குச் சோம்பல் வாதம் என்றே பெயர் வழங்கிற்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரிசிப்பஸ் என்னும் ஸ்தோயிக்க ஞானி இதற்குச் சொன்ன மறுமொழி, நோய் தீர்வது விதிக்கப்பட்டிருப்பின் வைத்தியரை அழைப்பதும் அதனோடு சேர்த்தே விதிக்கப்பட்டது என்பதாகும். முயற்சி விதிக்கு வெளியே நிற்பதன்று, விதி செயற்படும் வழிகளுள் அதுவும் ஒன்று. நம் நாட்டு வேதாந்திகள் பிராரப்தத்தை வில்லினின்றும் விடுபட்ட அம்புக்கு ஒப்பிட்டார்கள். அது தன் வேகம் தீரும்வரை சென்றே தீரும் என்றும், ஆயினும் இப்போது செய்யும் கர்மத்தில் மனிதனுக்குப் பொறுப்பு உண்டு என்றும் ஒரே மூச்சில் சொன்னார்கள். வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரத்தையும் வகுத்து, ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் தீர்ப்புக்களை இரண்டிலும் உரைத்துவிட்டு, எதையும் திரும்பப் பெற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டார். இந்த முரணைத் தர்க்கத்தால் முற்றிலும் தீர்த்துவிட இயலாது என்பதே என் எண்ணம். ஆனால் ஒருவன் தன் வாழ்வில் அதைத் தீர்த்துக்கொள்ளும் விதத்தைக் காட்ட இயலும். இந்த விளையாட்டின் போர்முறை அதைத்தான் காட்டுகிறது.

அந்தப் போரில் ஆடுபவர் தம் குழுவின் தலைவரை மட்டுமே ஆள முடியும். தோழர்கள் தாமாகவே அடிப்பார்கள், தடுப்பார்கள், மருந்திடுவார்கள். தாக்குவோர், காப்போர், குணப்படுத்துவோர் என்பன போன்ற ஆறு தொழில்களைக் குழுவினரிடையே பங்கிட்டு முன்கூட்டியே அமைத்துக்கொண்ட சில வியூகங்களுள், எந்தக் கணத்தில் எதிலிருந்து எதற்கு மாறுவது என்று தீர்மானிப்பதே ஆடுபவரின் பெரும்பணி. தனித்தனிச் செயல்கள் கைக்குள் அடங்குவதில்லை. எதிர்ப்படும் நிலைமைக்கு எந்த நோக்கோடு முகங்கொடுப்பது என்பது மட்டும் அடங்குகிறது. ‘பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் போதும், விளையாட்டு தானே ஆடிக்கொள்ளும்’ என்று பரிகசித்தவர்கள், பிற்பகுதியில் வரும் பெரும்போர்களில் வியூகம் மாற்ற ஒரு கணம் தாமதித்தால் என்ன நேரும் என்பதைக் காணும்வரை பொறுத்திருக்கவில்லை. நம் வசத்தில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்து அறிவதே ஞானத்தின் தொடக்கம் என்ற ஸ்தோயிக்கரின் போதனையை இவ்வளவு பிரத்தியட்சமாக அப்பியாசத்தில் வைத்த வேறொரு விளையாட்டை நான் அறியேன்.

இனி, ஸாஸ் என்னும் மனிதனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவன் வீரன் அல்லன். ஆகாய விமானம் ஓட்டிப் பிழைத்தவன், நடுவயதினன், மனைவியை இழந்தவன். அவனுடைய சிறு மகன் டாஜ் ஒரு ஃபல்சியின் முத்திரைக்கு ஆளானான். அப்படி நேர்ந்ததற்குக் காரணமானவர்களில் ஒருத்தி, வழிநெடுகத் தன்னோடு சிரித்துப் பேசி வந்த வானில் என்னும் இளம்பெண் என்பதை, மகன் தன் கண்ணெதிரே பளிங்காய்ப் போன அந்த வேளையிலேயே தகப்பன் அறிகிறான். அவளை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான், சுட முடியவில்லை. அவளைச் சுட்டால் மகன் மீளமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். சுடாவிட்டாலும் மீளமாட்டான் என்றும் தெரியும். பிறகு அத்துப்பாக்கியைத் தன் தலைக்கே திருப்புகிறான். எல்லாக் கதவுகளும் அடைபட்டவனுக்கு மரணம் ஒன்றே சுதந்திரம்போல் தோற்றமளிக்கும் அந்தப் பயங்கரமான தர்க்கத்தை இந்தக் காட்சி மறைக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. அவன் பிழைத்து, வானிலோடு சேர்ந்தே மீதி வழியை நடக்கிறான். மன்னித்தேன் என்று அவன் பெரிதாகப் பிரசங்கம் செய்வதில்லை. நடப்பதைத் தவிர வேறு செய்வதற்கில்லாத பாதையில், யாரோடு பகையாக நடப்பது, யாரோடு உறவாக நடப்பது என்பது அவனுடைய இச்சைக்கு விடப்பட்டிருந்தது. அதை அவன் உபயோகித்துக்கொண்டான். தாயின் சாவுக்கு ஸ்நோவே காரணம் என்று கறுவிக்கொண்டு, கத்தியோடு அவன் பின்னால் நடந்த ஹோப் என்னும் சிறுவனுடைய கதையும் இதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறது.

பதினோராம் அத்தியாயத்தில் பாதை திடீரென்று அகன்று, கிரான் பல்ஸின் மாபெரும் புல்வெளி கண்முன் விரிகிறது. இதுவரை அடைத்து வைத்திருந்த சுதந்திரத்தை இங்கேயாவது கொடுத்தார்களே என்று பலர் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்த வெளியில் கிடைப்பது என்ன? மனிதர் வாழ்ந்த ஊர்கள் அங்கே பாழடைந்து கிடக்கின்றன. ஏவலை நிறைவேற்றத் தவறிப் பூதமாகி, நெடுங்காலம் அலைந்து ஓய்ந்து, கடைசியில் கல்லாய்ச் சமைந்துபோன பழைய லெசிகள் ஆங்காங்கே நிற்கிறார்கள். அவர்களைத் தொட்டால், தாங்கள் முடிக்காமல் விட்ட ஏவலை முடித்துத் தருமாறு வேண்டுகிறார்கள். விளையாட்டில் விருப்பம்போல் மேற்கொள்ளத்தக்க 64 உபபணிகளும் இவ்வாறு இறந்தோர் விட்டுச்சென்ற கடன்களே! விசாலமான நிலத்தை அடைந்தவுடன் விடுதலை கிட்டிவிட்டது என்று எண்ணியவர், தம்மினும் முன்னே அதே தளையில் கட்டுண்டவர்களின் நடுவே தாம் நிற்பதை உணர்கிறார். தன் ஏவலை எப்படி மறுப்பது என்று தவிப்பவன், எவருடைய கட்டளையும் இன்றி, பெயர் தெரியாத ஒருவனுடைய ஏவலைக் கருணையால் ஏற்று முடிக்கிறான். நிர்ப்பந்தத்தால் செய்த செயலும் மனமுவந்து செய்த செயலும் புறத்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும்போது அவற்றிடையே உள்ள பேதம் எங்கே உறைகிறது என்பதை விளக்கத் தத்துவ நூல்கள் எத்தனையோ பக்கங்களைச் செலவிட்டிருக்கின்றன. இந்தப் புல்வெளியில் அது அனுபவமாகவே கிடைக்கிறது.

முடிவில் அந்த அறுவர் செய்ததுதான் எல்லாவற்றினும் அதிக விவாதத்துக்கு உரியது. கக்கூனைத் தாங்கி நிற்கும் ஆர்ஃபன் என்னும் சக்தியை அவர்கள் கொன்றால், கக்கூன் விழும். கோடிக்கணக்கான உயிர்கள் ஒருங்கே மாயும். அந்தப் பெரும்பலியினால், தங்களைச் சிருஷ்டித்துவிட்டு அகன்றுபோன கர்த்தா மீண்டும் வருவார் என்பது பார்த்தாண்டிலஸ் என்னும் ஃபல்சியின் திட்டம். மனிதரை ஆட்டிவைக்கும் இந்த ஃபல்சிகளுங்கூட, தமக்கு இட்ட தொழிலை மீற இயலாத அடிமைகளே என்பதும், ஆர்ஃபனைத் தம் கையால் அழிக்க இயலாமலே அவை மனிதரை நாடின என்பதும் இங்கே வெளியாகிறது. அறுவரும் ஆர்ஃபனைக் கொல்ல மாட்டோம் என்று கங்கணம் கட்டியவர்கள். ஆயினும் இறுதியில் கொல்கிறார்கள். கக்கூன் விழத் தொடங்குகிறது. அப்போது வானிலும் ஃபாங்கும், கக்கூனை அழிப்பதற்கென்றே தங்களுக்கு விதிக்கப்பட்ட ராக்னராக் என்னும் பேருருவத்தை மேற்கொண்டு, விழும் உலகைப் பளிங்குத் தூணால் தாங்கி நிறுத்திவிட்டு, அத்தூணினுள்ளேயே உறங்கிப்போகிறார்கள். சொப்பனத்தில் கண்ட காட்சி நிறைவேறிற்று. ராக்னராக் தோன்றிற்று, ஆர்ஃபன் மாண்டது, கக்கூன் வீழ்ந்தது. அந்தக் காட்சிக்கு ஃபல்சி கற்பித்த பொருள் மட்டும் பொய்த்தது.

‘அந்த முடிவையும் நூலாசிரியர்தானே எழுதினார்? ஆடுபவருக்கு அதில் என்ன பங்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று நான்கு முடிவுகளை அடுக்கிவைத்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளச் சொல்லும் விளையாட்டுகளிலும் அந்த முடிவுகள் அத்தனையும் எழுதப்பட்டவையே. அங்கே கிடைப்பது சுதந்திரத்தின் சாயை. அந்தச் சாயையைக் காட்டி ஏமாற்ற மறுத்த நேர்மையை நான் இந்தப் பாகத்தில் மதிக்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஃபல்சி, லெசி, சீத் என்னும் சொற்களைத் தொடக்கத்திலேயே சரமாரியாக வீசிவிட்டு, அவற்றின் விளக்கத்தை ஆடுபவர் தனியே திறந்து படிக்கவேண்டிய குறிப்பேட்டில் ஒதுக்கிவைத்தது பெரிய பிழை. ஆர்ஃபனைக் கொல்வதில்லை என்ற தீர்மானம், கொல்வது என்று மாறும் இடம் கதையில் போதுமான அளவு தெளிவாக்கப்படவில்லை. அங்கே நம்பிக்கையைப் பற்றிய பேச்சு காரணத்தின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவற்றை நான் நியாயப்படுத்த முற்படவில்லை.

2011-இல் வந்த தொடர்ச்சிப் பாகம், முடிவில் தாமும் பளிங்காய்ப் போன மற்ற நால்வர் கண்விழித்ததற்கு எட்ரோ என்னும் தேவியின் கருணையே காரணம் என்று சொல்லிற்று. விதிக்கும் முயற்சிக்கும் இடையே அருள் என்ற மூன்றாவது தத்துவத்தைக் கொண்டுவருவது பக்தி மார்க்கத்தாருக்கு உவப்பானதுதான். எனினும், முதற்கதையில் ஆறு மனிதர்கள் இரத்தம் சிந்திச் சம்பாதித்ததை அந்த விளக்கம் அவர்களிடமிருந்து பின்னோக்கிப் பறித்துக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது. ஆகையால் பதின்மூன்றாம் பாகத்தை அதனளவில் நின்று சீர்தூக்க வேண்டும். 2014 முதல் அது கணினியிலும் கிடைக்கிறது. நாலாவது, ஐந்தாவது அத்தியாயத்தில் சலித்து நிறுத்திவிட்டவர்கள், அடைபட்ட அந்தப் பாதையைப் படைத்தவர்களின் சோம்பல் என்று தள்ளிவிடாமல், நடப்பவர்களுடைய நிலைமை என்று எண்ணிக்கொண்டு, கிரான் பல்ஸ் வரையிலாவது மறுபடி ஒருமுறை நடந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.