டைம்டேபிளில் இல்லாத நேரம்

தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கும் தம்பி, தங்கையே! முதலில் கணக்கைப் பார்த்துவிடு. பயத்துக்கு அதுதான் மருந்து.

2022இல் வந்த நான்காண்டுப் பாடத்திட்டத்தில் ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட். வகுப்பில் உட்கார்ந்து கேட்கும் பாடமென்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு கிரெடிட். லேப் என்றால் ஒரு கிரெடிட்டுக்கு இரண்டு மணி. அதனால் வரலாறு படிக்கிறவருக்கு வாரம் 22 மணியைச் சற்றுத் தாண்டும். இயற்பியல் படிக்கிறவருக்கு 30க்கும் மேல் போய்விடும்.

இவ்வளவுதானா படிப்பு? இல்லவே இல்லை! 2023இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பு, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்கிறது. மைதான் கடியில் இருக்கும் இக்னோ பல்கலைக்கழகம் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இதே கணக்கில்தான் பாடம் நடத்துகிறது. 22ஐ 30ஆல் பெருக்கு: 660 மணி. 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 44. கலைப்பிரிவு மாணவருக்கு இதில் ஏறக்குறைய பாதி டைம்டேபிளிலேயே இருக்காது. அதற்கு அட்டெண்டன்ஸ் எடுக்க ஆளில்லை. அந்தப் பாதியைப் படிக்காமலே நாள் ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எத்தனையோ நல்ல பிள்ளைகள் சறுக்கியது அங்கேதான் என்று அடித்துச் சொல்கிறேன்.

உன் பயம் எனக்குத் தெரியும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்திருக்கிறாய். பக்கத்து பெஞ்சில் இருப்பவள் தில்லியின் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். உனக்கு நெஞ்சு அடைக்கிறது. அவள் பன்னிரண்டு வருஷமாக அந்த மொழியில் கேட்டு, பேசி, எழுதியவள். நீ இப்போதுதான் தொடங்கியிருக்கிறாய். உங்களுக்கு இடையில் இருப்பது நேரம் மட்டுமே. நேரத்தை உன்னால் போட முடியும்!

எப்படி? வளாகத்தை ஒட்டிய படேல் செஸ்ட் பக்கம் ஜெராக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாளை நடக்கப்போகும் பாடத்தின் பக்கங்களை இன்றே எடுத்து வை. பென்சிலோடு உட்கார். புரியாத சொல்லுக்கு ஓரத்தில் தமிழில் பொருள் எழுது. வெட்கப்படாதே, அது உன் தாள். ஒரு பக்கத்துக்கு அரை மணி ஆனாலும் ஆகட்டும். மறுநாள் ஆசிரியர் வேகமாகப் பேசும்போது, பாதிச் சொற்கள் ஏற்கெனவே உனக்குத் தெரிந்தவையாக இருக்கும். முதல் வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு மணி காலியாகக் கிடக்கிறதா? குளிர்கால வெயிலில் புல்வெளி கூப்பிடும். வாரத்தில் ஒருநாள் போ, மற்ற நாள் நூலகத்துக்கு நட.

பயண நேரத்தையும் பார்ப்போம். நீ தில்லியின் துவாரகாவில் தங்கியிருந்தால், அங்கிருந்து மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் மாறி, பல்கலைக்கழகத்துக்கான விஸ்வவித்யாலயா நிலையத்தில் வந்து இறங்க ஒரு மணிக்குக் குறையாது. போக வர, ஐந்து நாளைக்குப் பத்து மணி. அதையும் கணக்கில் எழுது. வாரத்தில் இருப்பது 168 மணி. தூக்கத்துக்கு 56 போகட்டும். அதில் கைவைக்காதே! பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண்விழிப்பதை வீரமென்று சொல்கிறவன் பேச்சைக் கேட்காதே. படிப்புக்கு 44, மெட்ரோவுக்கு 10. இன்னும் 58 மணி மிச்சம் இருக்கிறது. சமையல், துணி, அம்மாவிடம் போன், ஒரு பகுதிநேர வேலைகூட அதற்குள் அடங்கும்.

முடியாது என்று சொல்லத் தோன்றுகிறதா? இதே பல்கலைக்கழகம், தினமும் கல்லூரிக்கு வர முடியாத தில்லிப் பெண்களுக்காக 1940களிலிருந்து என்சிவெப் என்ற மகளிர் கல்வி வாரியத்தை நடத்துகிறது. சனியோ ஞாயிறோதான் வகுப்பு. மற்ற நாட்களில் வீடும் வேலையும். 1962இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி இன்று திறந்தநிலைக் கல்விப் பள்ளியாக வளர்ந்திருக்கிறது. அங்கே பட்டம் வாங்கியவர்களுக்கு மணி அடித்து எழுப்ப யார் இருந்தார்கள்? தங்கள் டைம்டேபிளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

நீயும் எழுது. இன்றைக்கே, ஒரு வெள்ளைத்தாளில், திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்டு. பதினான்காம் வாரத்தில் எழுதிப் பயனில்லை. அடுத்த டுடோரியலுக்குப் படித்துவிட்டுப் போ. அங்கே முதல் கேள்வியை நீ கேள். உச்சரிப்பு தடுமாறட்டும், யாராவது சிரிக்கட்டும். கேட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்!